சத்தம் போடாத செயின்சா: பேட்டரி மெஷினுக்கும் இத்தனை பாதுகாப்பு வேண்டுமா?

பிப்ரவரி 8, காலை (கேள்வி)

புதிதாக ஒரு பேட்டரி செயின்சா (மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம்) வாங்கியிருக்கிறேன். 36 வோல்ட், செயின் சுற்றி ஓடுகிற பார் 30 சென்டிமீட்டர். காற்றில் சாய்ந்த மரம் ஒன்றைத் துண்டு போட வேண்டும். அப்புறம் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கிளை கழிக்க, அவ்வளவுதான். ஹெல்மெட், முகத்திரை, வெட்டுத் தாங்கும் கால்சட்டை என்று பெரிய பட்டியல் சொல்கிறார்கள். அதெல்லாம் பெட்ரோல் மெஷினுக்குத்தானே? இது டிரில்லிங் மெஷின் மாதிரி, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. கண்ணாடியும் கையுறையும் போதாதா?

பிப்ரவரி 8, இரவு (பதில்)

போதாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பேட்டரி மெஷின்களில் செயின் பெரும்பாலும் நொடிக்கு 10 முதல் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பெரிய மாடல்களில் அதற்கும் மேல். 20 மீட்டர் என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். வீட்டு மெஷின்களில் அதிகம் வருகிற எட்டில் மூன்று அங்குலச் செயினில் (அது கண்ணி இடைவெளியின் அளவு) ஏறக்குறைய 19 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டும் பல் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் ஒரே நொடியில் ஆயிரம் பற்கள் ஒரு இடத்தைக் கடந்து போகின்றன. பெட்ரோலில் ஓடினால் என்ன, பேட்டரியில் ஓடினால் என்ன, கால்மேல் பட்டால் காயம் ஒன்றுதான்.

பெட்ரோல் மெஷின் தான் இருப்பதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கயிற்றை நாலு முறை இழுக்க வேண்டும், அது இருமிப் பிடிக்க வேண்டும். சும்மா ஓடும்போதுகூடப் படபடவென்று சத்தம், புகை, கையில் அதிர்வு. பக்கத்தில் வருகிற குழந்தைகூடத் தள்ளி நின்றுவிடும். பேட்டரி மெஷினை வேலை நடுவில் கீழே வைத்தால் உயிரில்லாத மாதிரி கிடக்கும். அடுத்த அழுத்தலுக்கு முழு வேகத்தோடு எழும். இரண்டு வகையும் எனக்குப் பழக்கம். இதில் எனக்குப் பயம் தருவது அந்த அமைதியானதுதான்.

விரலை எடுத்தால் நிற்கிறது என்பது சரி. ஆனால் விரலை எடுத்ததும் செயின் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். அது நிற்கும் முன்பே மெஷினைத் தொடையோரமாகத் தாழ்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டு முடிந்ததா, செயின் நிற்கிறவரை கையும் பார்வையும் அங்கேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 9

நேற்றுச் சொன்ன பயம் எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

அண்ணன் மகன் வந்திருந்தான், இருபது வயது. நான் ஒரு தடித்த கிளையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். துண்டுகளை ஒதுக்குவதற்காக மெஷினை ஒரு கட்டைமேல் வைத்துவிட்டு நகர்ந்தேன். பேட்டரி உள்ளேயே இருந்தது. அவன் உதவி செய்யலாம் என்று மெஷினை எடுத்தான். பின்கைப்பிடியை யாரும் எப்படிப் பிடிப்பார்களோ அப்படித்தான் பிடித்தான்: கட்டைவிரல், விசை தவறி அமுங்காமல் தடுக்கிற லாக் பட்டன்மேல், ஆள்காட்டி விரல் விசைமேல். வேலை செய்கிறவர் கைக்குச் சுலபமாக எட்ட வேண்டும் என்றுதானே அந்தப் பட்டனை அங்கே வைத்திருக்கிறார்கள். ஒரே பிடியில் இரண்டும் அமுங்கிவிட்டன. பாரின் நுனி அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. உர்ரென்று அரை நொடி. கையை விட்டான், மெஷின் மண்ணில் விழுந்தது. முகம் வெளுத்துப் போய், “சித்தப்பா, ஆஃப் பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்” என்றான்.

அவன் நினைத்ததில் தப்பே இல்லை. பார்க்க அப்படித்தான் இருந்தது. தப்பு என்னுடையது. ஒரு சாண் இந்தப் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து மெஷின் என் கையை விட்டுப் போகிறது என்றால் பேட்டரி வெளியே. டக்கென்று அது கழலும் சத்தம் கேட்ட பிறகுதான் கீழே வைப்பேன். கழற்றியதை மெஷினுக்குப் பக்கத்தில் வைப்பதும் இல்லை, இடுப்புப் பையில் போட்டுக்கொள்வேன். அந்தப் பையில் ஆணி, சாவி எதுவும் இருக்கக் கூடாது. முனைகளில் உலோகம் பட்டால் ஷார்ட் ஆகும்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

“செயின் பிரேக் போட்டு வைத்தால் போதாதா, ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். செயினை ஓடவிடாமல் நிறுத்திப் பிடிக்கிற பிரேக் அது. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடி நகர்கிறீர்கள் என்றால் பிரேக் போதும், விரல் மட்டும் விசையை விட்டு வெளியே இருக்கட்டும். அதைவிடத் தூரம் நடந்தால் பேட்டரி வெளியே, பார்மேல் உறை, நுனி பின்பக்கம் பார்க்க. செயினைத் தொடுகிற எந்த வேலைக்கும் பிரேக்கை நம்பவே கூடாது. சிக்கிய சுள்ளியை எடுப்பதாக இருந்தாலும் சரி, செயினை இறுக்குவதாக இருந்தாலும் சரி, முதலில் பேட்டரிதான் வெளியே வர வேண்டும்.

பிப்ரவரி 11

பார் எகிறுவதைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

மெஷினைப் பக்கவாட்டில் பாருங்கள், நுனி வலப்பக்கம் இருக்கும்படி. வளைந்த அந்த நுனியைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12க்கும் 3க்கும் நடுவில் இருக்கிற கால்வட்டம்தான் ஆபத்தான இடம். செயின் பாரின் மேற்பக்கம் நம்மைவிட்டு முன்னால் ஓடி, நுனியில் வளைந்து இறங்கி, கீழ்ப்பக்கமாகத் திரும்பி வருகிறது. நுனியின் மேல்வளைவில் பல் எதிலாவது இடித்தால் அதை அறுத்துக்கொண்டு போக முடியாமல் மாட்டிக்கொள்ளும். செயினை ஓட்டிக்கொண்டிருந்த சக்தி முழுக்கப் பாருக்குத் திரும்பும். பார் மேலும் பின்னுமாக, பிடித்திருக்கிறவரின் முகத்தையும் தோளையும் நோக்கி எகிறும். நாம் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அறுக்கிற மரத்தில் இது நடப்பதைவிட அதற்குப் பின்னால் இருக்கிற, நாம் கவனிக்காத கிளையில்தான் அதிகம் நடக்கிறது. எனக்கு நடந்ததும் அப்படித்தான். கண் வெட்டுகிற இடத்தில் இருந்தது. நுனி இலைக்குள் மறைந்திருந்த கட்டைவிரல் தடிக் கிளை ஒன்றில் போய்த் தட்டியது. இடக்கை மணிக்கட்டு, முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கிற தடுப்பில் இடிக்க, பிரேக் விழுந்தது. பார் என் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தது, செயின் அசையவில்லை. அதற்கப்புறம் அன்று நான் மெஷினைத் தொடவில்லை.

பிரேக் இரண்டு வழியில் விழும். மணிக்கட்டு தடுப்பைத் தள்ளினால் விழும். நல்ல மாடல்களில், கை படாவிட்டாலும் பார் திடீரென்று எகிறும் வேகத்திலேயே தானாக விழும். 1970களின் தொடக்கத்தில்தான் இது செயின்சாக்களில் வரத் தொடங்கியது. அதற்கு முன்னால் வேலை செய்தவர்களுக்கு இது இல்லை. தினமும் வேலையை ஆரம்பிக்கும் முன் சோதித்துவிடுங்கள்: மெஷினைத் தரையில் உறுதியாக வைத்து, செயின் எதிலும் படாமல், இரண்டு கையாலும் பிடித்து ஓட்டி, இடக்கை கைப்பிடியை விடாமலே மணிக்கட்டால் தடுப்பை முன்னால் தள்ள வேண்டும். செயின் அந்த நிமிடமே நிற்க வேண்டும். தயங்கித் தயங்கி நின்றால் அந்த மெஷினில் அன்றைக்கு வேலை வேண்டாம். ஒன்று கவனியுங்கள், சில சின்ன மாடல்களில் முன்னால் இருப்பது வெறும் தடுப்புத்தான், பிரேக் கிடையாது. வாங்கும்போதே கேளுங்கள்.

இடக்கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி அடியில் பூட்டியிருக்க வேண்டும். நாலு விரலோடு சேர்த்து மேலே வைத்தால் எகிறும்போது பிடி வழுக்கிவிடும். உடம்பு செயினின் நேர்கோட்டில் இல்லாமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கி இருக்கட்டும். தோளுக்கு மேல் தூக்கி வெட்டாதீர்கள். ஏணிமேல் நின்று வெட்டவே வேண்டாம்.

பிப்ரவரி 12

இடதுகைக்காரர் ஒருவர் பிடியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. வலக்கை பின்னால், இடக்கை முன்னால், எல்லோருக்கும் அதேதான். மாற்றிப் பிடித்தால் உடம்பு செயினுக்கு நேராக வந்துவிடும்.

பிப்ரவரி 14

கால்சட்டைக்கு வருகிறேன். கேள்வியில் கேலி மாதிரி தொனித்தது அதுதான். அந்தக் கால்சட்டை தடிமனால் காப்பதில்லை. உள்ளே நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் மேல்துணியைக் கிழித்ததும் இழைகள் உருவி வந்து, செயினோடு போய், அதை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு நிறுத்திவிடும். ஈஎன் ஐஎஸ்ஓ 11393 என்கிற தரத்தில் இதற்கு வகுப்புகள் உண்டு: வகுப்பு 0 நொடிக்கு 16 மீட்டர் செயின் வேகம்வரை சோதித்தது, வகுப்பு 1 என்றால் 20, வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. உங்கள் மெஷினின் வேகத்தைக் கையேட்டில் பார்த்து அதற்குமேல் உள்ளதை வாங்குங்கள், நிம்மதியாக இருக்கலாம்.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதன் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். ராத்திரி யோசித்தபோதுதான் உறைத்தது. நான் சொன்னது பெட்ரோல் மெஷினுக்கு.

பெட்ரோல் மெஷினில் இன்ஜினுக்கும் செயினுக்கும் நடுவில் கிளட்ச் இருக்கிறது. இழை சுற்றிக்கொண்டால் கிளட்ச் வழுக்கும், செயின் நிற்கும். பேட்டரி மெஷின்கள் பலவற்றில் கிளட்ச் கிடையாது. மின்மோட்டாருக்கு வேகம் குறைந்தாலும் முறுக்குவிசை குறையாது. இழை சுற்றிய பிறகும் அது இழுக்கப் பார்க்கும். சில மெஷின்களில் மோட்டார் திணறினால் மின்னோட்டத்தை வெட்டும் அமைப்பு இருக்கிறது, ஆனால் அதைக் காலுக்குக் காவலாகக் கணக்கில் வைக்கக் கூடாது. மின்சார மெஷினுக்கு உத்தரவாதம் இல்லை என்று சில கால்சட்டைகளின் லேபிளிலேயே போட்டிருக்கும்.

அதற்காகப் போடாமல் இருக்காதீர்கள். போட்டால் காயம் குறைய வாய்ப்பு இருக்கிறது, போடாவிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் நிம்மதி என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக: முகத்திரையோடு ஹெல்மெட், திரைக்குள்ளே கண்ணாடி, விரல்முனையில் இரும்பு வைத்த பூட்ஸ், உடம்போடு ஒட்டின சட்டை. காதடைப்பும் வேண்டும். மோட்டார் அமைதியாக இருந்தாலும் செயின் மரத்தைக் கிழிக்கிற சத்தம் குறைவதில்லை.

பிப்ரவரி 19

செயின் எவ்வளவு இறுக்கம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், பிரேக்கை விடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாரின் நடுவில் செயினைப் பிடித்து மெல்ல இழுத்தால், உள்ளே இருக்கிற பற்கள் பாரின் பள்ளத்தைவிட்டு முழுசாக வெளியே வரக் கூடாது. கையால் தள்ளினால் செயின் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் இறுக்கம் சரி. பாரைப் பிடித்திருக்கிற நட்டை முறுக்கும்போது பாரின் நுனியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள், இல்லையென்றால் வேலை ஆரம்பித்ததும் தொளதொளத்துவிடும். புதுச் செயின் முதல் கொஞ்ச நேரத்தில் நீளும், அடிக்கடி பாருங்கள்.

சூட்டில் நீண்ட செயினை வேலை நடுவில் இறுக்கியிருந்தால், முடிந்ததும் தளர்த்தி வைக்க மறக்காதீர்கள். ஆறும்போது சுருங்கிப் பாரையும் மோட்டார் தண்டையும் பிடித்து இழுக்கும்.

எண்ணெய் விஷயம். பேட்டரி மெஷினுக்கு எண்ணெய் வேண்டாம் என்று நினைத்துக் காயக் காய ஓட்டி, பார் நீலம் பூத்துப் போன மெஷின் ஒன்று என் கைக்கு வந்தது. இன்ஜின் ஆயில்தான் வேண்டாம், செயினுக்கான எண்ணெய் கட்டாயம் வேண்டும். பெட்ரோல் மெஷினில் பொதுவாக எண்ணெய்க்கு முன்னால் பெட்ரோல் தீர்ந்துவிடும், நிரப்பும்போது இரண்டையும் சேர்த்து நிரப்புவோம். இதில் அப்படி நினைவூட்ட எதுவும் இல்லை. ஒவ்வொரு பேட்டரி மாற்றும்போதும் எண்ணெய்த் தொட்டியைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வருகிறதா என்று தெரிய, வெளிர்நிற அட்டைக்கு ஒரு சாண் மேலே நுனியைப் பிடித்து, அட்டையில் படாமல் சில நொடி ஓட்டுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றாதீர்கள், அதில் உலோகத்தூள் இருக்கும், உடம்புக்கும் கேடு.

வேலை முடிந்து வைத்த இடத்தில் எண்ணெய் கசிந்து நிற்பது பல மெஷின்களில் சகஜம், கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

பிப்ரவரி 22

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள்.

“பேட்டரி மெஷின் நேற்று வந்த பொம்மை” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டீல் என்கிற பொறியாளர் 1926இல் செய்த முதல் செயின்சா மின்சாரத்தில் ஓடியதுதான். வயரோடு, இரண்டு ஆள் பிடிக்கிற மெஷின். அவருடைய பெட்ரோல் மெஷின் 1929இல்தான் வந்தது.

இன்று நாம் ஓட்டுகிற செயினின் பல் வடிவம் இன்னும் அழகான கதை. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்கிற மரவெட்டி, ஒரு அடிமரத்தைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவைப் பார்த்தார். அது நாரோடும் போகிறது, குறுக்கேயும் போகிறது, சளைக்கவே இல்லை. அதன் வளைந்த தாடைகள் இடதும் வலதுமாக மாறி மாறிக் கடிப்பதைக் கவனித்து, அதே மாதிரி இடப்பல் வலப்பல்லாகச் செயின் செய்தார். அடுத்த வருஷம் அதையே தொழிலாகத் தொடங்கினார். உங்கள் செயினை எடுத்துப் பாருங்கள், பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று திசை மாறியிருக்கும். அந்தப் புழுவின் தாடைதான் அது.

அதற்கும் முன்னால், 1830 வாக்கில், பெர்ன்ஹார்ட் ஹைனே என்கிற ஜெர்மானியர் கைப்பிடியைச் சுற்றி ஓட்டுகிற செயின் ரம்பம் ஒன்று செய்தார். அது அறுவை சிகிச்சையில் எலும்பை அறுக்க.

பிப்ரவரி 26

கேள்வி கேட்டவரின் சாய்ந்த மரத்துக்கு வருகிறேன். உண்மையில் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நிற்கிற மரத்தைவிட விழுந்து கிடக்கிற மரத்தை நான் அதிகம் யோசித்துத் தொடுவேன். அது ஓய்ந்து கிடக்கவில்லை, பல இடத்தில் வளைந்து, முறுக்கேறி, வில் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் சுற்றி நடந்து பாருங்கள், கையில் மெஷின் இல்லாமல். மின்கம்பி எங்கேயாவது தொட்டுக்கொண்டிருந்தால் அது உங்கள் வேலை இல்லை, விலகுங்கள். வேரோடு பெயர்ந்த மரம் என்றால் வேர்த்தட்டுக்கும் பள்ளத்துக்கும் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள், குழந்தைகளை முக்கியமாக. தண்டை வெட்டியதும் பாரம் குறைந்து அடிமரம் பள்ளத்துக்குள் படாரென்று நிமிர்ந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி: எந்தப் பக்கம் நெருக்கம் (நார் அமுங்கியிருப்பது), எந்தப் பக்கம் இழுவை (நார் இழுபட்டிருப்பது)? இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கினால் மேற்பக்கம் நெருக்கம், அடிப்பக்கம் இழுவை. ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் அப்படியே தலைகீழ். முதல் வெட்டு எப்போதும் நெருக்கப் பக்கம், தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் இழுவைப் பக்கத்திலிருந்து வந்து அதோடு சேருங்கள். ஒரே பக்கமாக நெருக்கத்தில் இறங்கிக்கொண்டே போனால் வெட்டுவாய் மூடிப் பாரைக் கடித்துக்கொள்ளும். இழுவையில் முதலில் ஆழமாக வெட்டினால் மரம் பிளந்துகொண்டு தெறிக்கும்.

தண்டின் கீழே கிடந்து அதைத் தாங்கிக்கொண்டிருக்கிற கிளைகளைக் கடைசிக்கு விட்டுவைக்கவும். மற்ற கிளைகளைக் கழிக்கும்போது, முடிந்தவரை தண்டு உங்கள் காலுக்கும் மெஷினுக்கும் நடுவில் இருக்கட்டும். சரிவான இடம் என்றால் மேட்டுப் பக்கம் நில்லுங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாளிலிருந்து அமைதியைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த வேலையில் அந்த அமைதிதான் எனக்குக் கைகொடுக்கிறது. விசையை விட்டதும் மரம் பேசுவது கேட்கும். முதலில் டிக், டிக் என்று ஒரு நார் அறும் சத்தம், அப்புறம் கிறீச். பெட்ரோல் மெஷின் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தால் இது கேட்காது. இப்போதெல்லாம் ஒவ்வொரு தடித்த வெட்டிலும் நடுவில் இரண்டு மூன்று முறை விசையை விட்டுக் காது கொடுக்கிறேன்.

பிப்ரவரி 27

மூன்றில் ஒரு பங்கு என்று நேற்று அளவு சொன்னதைச் சிலர் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. அது தோராயம்தான். கண் வெட்டுவாயில் இருக்க வேண்டும். பாருக்குப் பின்னால் வாய் குறுகத் தொடங்கினால், எத்தனை பங்கு போயிருந்தாலும் சரி, உடனே நிறுத்தி மறுபக்கம் வாருங்கள்.

இன்னொன்றும் விட்டுப்போனது. கீழிருந்து மேலாக வெட்டும்போது பாரின் மேல்விளிம்பால் அறுக்கிறோம். அப்போது மெஷின் நம்மைப் பின்னால் தள்ளும். மேலிருந்து வெட்டும்போது முன்னால் இழுக்கும். முதல் தடவை தெரியாமல் செய்தால் அந்தத் தள்ளல் தூக்கிவாரிப் போடும். பின்கைப்பிடியைப் பிடித்த கையை இடுப்போடு ஒட்டி வைத்து, காலை அகட்டி நில்லுங்கள்.

பார் மாட்டிக்கொண்டால் ஆட்டிப் பிடுங்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, பிளாஸ்டிக் ஆப்போ மர ஆப்போ அடித்து வாயைத் திறந்து எடுங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போகும்.

மார்ச் 3

“ஒரு கையால் பிடிக்கிற மினி செயின்சா பாதுகாப்பானதா?” 10, 15 சென்டிமீட்டர் பார், ஒரு கிலோ சொச்சம் எடை. சின்னதுதான், செயின் நிஜமானது. இதில் வெட்டுப்படுவது மற்றக் கை. கிளையை இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கையால் அறுப்பது அவ்வளவு இயல்பாக வந்துவிடுகிறது. நானும் செய்தேன். கிளை வெட்டுப்பட்டதும் மெஷின் தன் பாரத்தில் கீழே இறங்கி, கையுறையின் சுண்டுவிரல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. விரலில் கீறல்கூட இல்லை. கையுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: மூன்று சின்னப் பல் தடம், வரிசையாக, தையல் போட்ட மாதிரி.

இடக்கையை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மெஷினில் இரண்டாவது பிடி இருந்தால் அதில். இல்லையென்றால் வெட்டும் இடத்தைவிட்டுக் கை நீளம் தள்ளி. இவற்றில் பலவற்றுக்குப் பிரேக்கும் கிடையாது, எண்ணெய் தானாக வருவதும் கிடையாது, அவ்வப்போது சொட்டுவிட வேண்டும்.

மார்ச் 7

பேட்டரி பற்றிச் சேர்த்துச் சேர்த்துப் பதில்.

36 வோல்ட், 40 வோல்ட் என்று குழம்ப வேண்டாம். ஒரு செல் 3.6 வோல்ட், பத்துச் செல் சேர்ந்தால் 36. முழுசாகச் சார்ஜ் ஏறியதும் செல் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே போகும், அதை வைத்து 40 என்று பெட்டியில் போடுகிறார்கள். வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 180 வாட்-மணி.

சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும். கீழே விழுந்து விரிசல் விட்டதையும் உப்பியதையும் பயன்படுத்தவே வேண்டாம். மழையில் வேலை செய்யலாம் என்று கையேடு சொல்லாவிட்டால் செய்யக் கூடாது. சொல்கிற மெஷினாக இருந்தாலும் ஈர மரத்தில் கால் வழுக்கும், நான் தொட மாட்டேன்.

ஒரு பேட்டரி தீர்ந்ததும் நான் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுவேன். முதலில் மூன்று பேட்டரி வாங்கி நிற்காமல் ஓட்டினேன். மூன்றாவதில்தான் கை தளர்ந்து நுனி தாழ்ந்துகொண்டே வருவதைக் கவனித்தேன். இப்போது இரண்டோடு சரி.

மார்ச் 10

நிற்கிற மரத்தைச் சாய்க்கலாமா என்று கேட்பவருக்கு: புது மெஷினோடு தனியாக வேண்டாம். தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கட்டும். அவர் என்ன செய்கிறார் என்று புரிந்துகொள்ள மட்டும் சொல்கிறேன். விழவேண்டிய பக்கம் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று ஆழத்துக்கு வாய் வெட்டுவார். பின்னாலிருந்து வெட்டி வரும்போது முழுசாக வெட்டிவிடாமல் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கீல் மாதிரி விட்டுவைப்பார். அந்தக் கீல்தான் மரத்தைத் திசைமாறாமல் இறக்குகிறது. வெட்டும் முன்பே பின்பக்கம் சாய்வாக ஓடுவழி ஒதுக்கி வைத்திருப்பார். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது.

மார்ச் 16

கேள்வி கேட்டவர் மரத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டாராம், ஹெல்மெட், கால்சட்டை எல்லாம் போட்டு. ரொம்பச் சந்தோஷம். கடைசி நாள் வெட்டு கோணிக் கோணிப் போனது, அழுத்தி வெட்ட வேண்டியிருந்தது என்கிறார். செயின் மழுங்கியிருக்கிறது. வெட்டும்போது விழுவதைப் பாருங்கள்: கூரான செயின் சீவல் போடும், மழுங்கியது மாவு மாதிரித் தூள் போடும். ஒரு பக்கம் மட்டும் மழுங்கினால் வெட்டு அந்தப் பக்கம் கோணாமல் மறுபக்கம் இழுக்கும், கூர் உள்ள பக்கமாக. மண்ணில் ஒரு தடவை பட்டாலே இந்தக் கதிதான். அழுத்துகிற கை வெட்டு முடிகிற நொடியில் பிடிமானம் இழக்கும், ஆகவே அழுத்தி ஓட்டாதீர்கள், நிறுத்தித் தீட்டுங்கள்.

உங்கள் எட்டில் மூன்று அங்குலச் சிறு செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பாரைப் பிடிப்புக் கருவியில் இறுக்குங்கள். முன்னால் தள்ளும்போது மட்டும் தேய்க்க வேண்டும், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். மிக மழுங்கிய பல்லுக்கு எத்தனை தேய்ப்பு ஆகிறதோ அத்தனையே எல்லாப் பல்லுக்கும், எண்ணிக்கொண்டு. பல்லுக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டைத் தட்டை அரத்தால் 0.65 மில்லிமீட்டர் தாழ்வுக்கு மேல் இறக்காதீர்கள். அளவுத் தகடு வைத்துப் பாருங்கள். அதிகம் இறக்கினால் பல் ஆழமாகக் கடித்து, பிப்ரவரி 11ஆம் தேதி சொன்ன அந்த எகிறல் கூடும்.

மினி மெஷினின் கால் அங்குலச் செயினுக்கு இந்த அரம் சரிவராமல் போகலாம், அதன் கையேட்டில் போட்டிருக்கிற அளவையே வாங்குங்கள்.